அந்தப் பக்கம் செல்லும் முகம்

எங்கள் மோரேயில், மணிப்பூர் முடிந்து பர்மா தொடங்குகிற அந்த எல்லைக் கேட்டோரத்தில், அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்த ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றில் தவசியின் முகம் அச்சாகியிருந்ததை முதலில் கண்டவள் அவர் பெண்டாட்டி சேதுமணிதான், ஆனால் அவள்கூட அதை உடனே காணவில்லை, ஏனென்றால் அது அன்றைய போணி நோட்டு. போணி நோட்டை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, கண்ணில் ஒற்றுவோம், மூன்றாக மடிப்போம், ஒரு சொட்டுச் சந்தனம் வைப்போம், அங்காள பரமேசுவரி படத்துக்குக் கீழே சொருகிவிட்டு அடுத்த ஆளைக் கவனிப்போம், கடையை எடுத்துவைக்கும்வரை அந்த நோட்டு யார் கைக்கும் போகாது. அன்று கடையை எடுத்துவைக்கும்போது மடிப்பைப் பிரித்தாள். வழக்கமாகக் கண்ணாடி போட்ட பெரியவர் சிரித்துக்கொண்டிருக்கும் இடத்தில் அவள் புருஷன் சிரிக்காமல் இருந்தார், மூன்று நாள் தாடியோடு, சட்டையின் மேல் பட்டனைப் போடாமல்.

மேல் பட்டனைப் போடாமல் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது. தவசி புடவை மூட்டையோடு கேட்டைத் தாண்டிப் போன காலையில் அவள் பின்னாலிருந்து கத்திய கடைசி வார்த்தை அதுதான். "மேல் பட்டனப் போட்டுட்டுப் போங்க, பாக்கறவுக என்ன நெனப்பாக?" அவர் திரும்பாமலே கையை ஆட்டினார். உள்ளூர்ச் சந்தையில் விற்றுவிட்டு மாலையே திரும்புகிறவர்தான், அந்த முறை இன்னும் உள்ளே, பெரிய ஊர்ப் பக்கம் போனால் நல்ல விலை கிடைக்கும் என்று போனார், போனவர் போனவர்தான். அவர் போன கொஞ்ச நாளில் அந்தப் பக்கம் கலவரம் என்று கேட்டை மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். கேட்டு திறந்த ஒவ்வொரு தடவையும் சேதுமணி வாசலில் நின்று பார்த்தாள், அப்புறம் கடையில் உட்கார்ந்தே பார்த்தாள், அப்புறம் பார்ப்பதை நிறுத்தாமலே வேலையைச் செய்யப் பழகிக்கொண்டாள்.

அவளுடையது அத்தோக் கடை. வெந்த நூடுல்ஸைக் கையால் பிசைந்து, பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் மிளகாய்த்தூளும் போட்டுத் தட்டில் வைத்துக் கொடுப்பாள், எங்கள் தாத்தாக்கள் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த சொத்தில் மிஞ்சியது அந்த ருசி ஒன்றுதான். சாமான் வாங்க அவள் தினமும் காலையில் கேட்டைத் தாண்டி நம்பலாங் சந்தைக்குப் போவாள். அங்கே நம்முடைய ரூபாய் செல்லும், நம் ஊர்க் கடைத்தெருவில் செல்வதைவிட மரியாதையாகவே செல்லும், மீன் விற்கிறவள் நம் நோட்டை வாங்கி நெற்றியில் தொட்டு வைப்பாள். ஆனால் அவர்களுடைய கியாட் இந்தப் பக்கம் செல்லாது. மாற்றுக்காரர்கள் கட்டுக்கட்டாக வாங்கிப் போடுவார்கள், அது வேறு விஷயம், ஒற்றைக் கியாட்டை நீட்டி மோரேயில் ஒரு டீ வாங்கிக் குடிக்க முடியாது. அப்படி யார் சட்டம் போட்டார்கள் என்று கேட்டால் யாரும் போடவில்லை, எல்லோரும் அப்படித்தான் இருந்தோம், எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சேதுமணி மட்டும் ஒரே ஒரு தடவை அந்த வழக்கத்தை மீறியிருக்கிறாள். தவசி போன புதிதில், அந்தப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்த ஒருத்தி கூலி கிடைக்காமல் பசியோடு நின்று ஒரு கியாட் நோட்டை நீட்டினாள், சேதுமணி வாங்கிக்கொண்டு தட்டை நிறைத்துக் கொடுத்தாள். பக்கத்துக் குடைக்கடை ஹபீப் ராவுத்தர் தலையில் அடித்துக்கொண்டார். "தங்கச்சி, அத வச்சு என்ன பண்ணப் போறே? காது கொடையவா?" அவள் அதை அன்றே வேறொரு கூலிக்காரியிடம் சில்லறையோடு சேர்த்துத் தள்ளிவிட்டாள், அதோடு மறந்தும் போனாள். நாங்களும் மறந்துவிட்டோம்.

தவசியின் முகம் வந்த பிறகு மற்ற முகங்களும் வர ஆரம்பித்தன. அந்தப் பக்கம் போய் வராமல்போன ஆள் எங்கள் ஊரில் எந்த வீட்டில்தான் இல்லை? பாத்திரக்கடைக்காரரின் அண்ணன் ஒரு பத்து ரூபாயில் வந்தார், பீர்பாத்திமாவின் மகன் நூறு ரூபாயில் வந்தான், வசதியாக இருக்கிறான்போல என்று பேசிக்கொண்டோம். ஒருத்தர் ஐந்நூறில் வந்ததும் அவர் தம்பிமாருக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. யாருடைய நோட்டோ அது எப்படியும் அவர்கள் வீட்டைத் தேடி வந்துவிடும், புடவை வாங்க வந்த பர்மாக்காரி கொடுக்கும் சில்லறையிலோ, மருந்துக்கடை மீதியிலோ. பேங்குக்கு எடுத்துப் போனோம், மேனேஜர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, எண் இருக்கிறது, கம்பி இருக்கிறது, செல்லும் என்றார், முகத்தைப் பற்றி அவருக்கு உத்தரவு எதுவும் வரவில்லையாம். பூசாரி அந்த நோட்டுகளை உண்டியலில் போட வேண்டாம் என்றார், எண்ணுகிறவர்களுக்குக் கணக்குத் தப்புகிறது என்று.

போகப்போக அதன் போக்கு எங்களுக்குப் பிடிபட்டது. நோட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் முகம் மங்கும், முதலில் காது, அப்புறம் மூக்கு. மங்காமல் இருக்க வேண்டுமென்றால் அதைக் கேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் எதையாவது வாங்க வேண்டும், மாற்றினால் ஆகாது, வாங்கத்தான் வேண்டும், வாங்கிவிட்டுக் கையை வீசிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். அது எங்கெங்கோ சுற்றிவிட்டுத் திரும்பி வரும்போது அந்த ஆள் அப்போது எப்படி இருக்கிறாரோ அப்படி வருவார். இறந்து போயிருந்தால் பழையபடி கண்ணாடிப் பெரியவர் வந்து சிரிப்பார், பார்த்த வீட்டில் தலை முழுகுவார்கள். ஆள் கிளம்பி ஊருக்கே வந்துகொண்டிருந்தால் அந்த இடம் வெள்ளையாக வரும், அப்படி ஒரே ஒருவருக்குத்தான் வந்தது, பாத்திரக்கடைக்காரர் அந்த வெள்ளை நோட்டைப் பார்த்துவிட்டு அரிசி அதிகமாகப் போடச் சொன்னார், மறுவாரம் அண்ணன் வந்து சாப்பிட்டார்.

ஆகவே தவசியைத் தெரிந்துகொள்ள சேதுமணி தவசியைச் செலவழிக்க வேண்டியிருந்தது. கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை கட்டைவிரலால் அந்த முகத்தைத் தடவுவாள், அப்புறம் மீன்காரியிடம் நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள், தன் புருஷனை யாரோ ஒருத்தி இடுப்பில் சொருகிக்கொண்டு போவதைப் பார்க்க யாருக்குத்தான் மனது வரும்? பிறகு நாள்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், கல்லாவில் விழும் ஒவ்வொரு ஐம்பதையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். இப்படித்தான் அவர் மீசை நரைத்ததை அறிந்தாள். இப்படித்தான் அவருக்கு ஒரு பல் போனதையும், புருவத்துக்கு மேல் தழும்பு வந்ததையும், மூக்குக் கண்ணாடி வந்ததையும் அறிந்தாள். எங்கள் ஊரில் கூடவே வாழ்கிற பெண்டாட்டிகள்கூட புருஷன் முகத்தை அவ்வளவு ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் பட்டன் மட்டும் திறந்தே இருந்தது, ஒவ்வொரு முறையும் அவள் அந்த நோட்டைத் திட்டினாள். "சொன்னா கேக்க மாட்டீகளா?"

நோட்டு பதில் சொல்லாது. அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார், ஆனால் அவளை அல்ல, எந்த நேரத்தில் அந்த நோட்டு இந்தப் பக்கம் கால் வைத்ததோ அந்த நேரத்தில் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ அதை. தன்னை ஒருத்தி பார்க்கிறாள் என்று தெரியாத ஆளின் பார்வை அது. அது அவளை மிகவும் வாட்டியது, உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷத்தையும் மீறி வாட்டியது. ராவுத்தரிடம் ஒருநாள் சொன்னாள்.

"நான் பாக்குறேன்னு அவுகளுக்குத் தெரியாதுண்ணே. சன்னல் வழியாப் பாக்குற மாதிரி இருக்கு."

"தெரிஞ்சா மட்டும் என்ன செய்வாரு தங்கச்சி?"

"ஒண்ணுஞ் செய்ய வேணாம். தெரிஞ்சாப் போதும்."

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் வந்த நோட்டில் தவசியின் தோளில் ஒரு கை இருந்தது. சின்னக் கை, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, குழந்தையுடையது. குழந்தையின் முகம் தெரியவில்லை, நோட்டில் அவ்வளவுதான் இடம். ஒரு குழந்தையின் கை தோளில் இருந்தால் அதற்கு ஒரு தாய் இருப்பாள், அவள் சோறு வைத்திருப்பாள், அந்தச் சோற்றின் முன்னால்தான் அவர் உட்கார்ந்திருந்தார்போல, முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. ஊரே அந்த நோட்டைப் பார்த்தது, ஊரே பார்க்காத மாதிரி இருந்தது. ராவுத்தர் மட்டும் அவள் கடைக்கு வந்து பசியில்லாமல் இரண்டு தட்டு அத்தோ சாப்பிட்டுப் போனார், ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அது.

சேதுமணி மறுநாள் காலையிலேயே கேட்டைத் தாண்டிப் போய் அந்த நோட்டுக்கு ஙாப்பி வாங்கினாள். நாறுகிற மீன் விழுது, கடையில் போதுமான அளவு இருந்தது, இருந்தும் வாங்கினாள். வீட்டுக்கு வந்து அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமலே முன்னால் வைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் பரமக்குடியில் இருக்கும் தம்பி நாகரத்தினத்துக்குப் போன் போட்டாள்.

நாகரத்தினம் வெகுகாலமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன். "அக்கா, மாடியில ஒரு ரூம்பு ஒனக்குன்னே கெடக்கு. அந்தக் காட்டுல யாருக்காக ஒக்காந்திருக்கே? நோட்டப் பாத்துக்கிட்டேவா இருப்பே?" என்பான். பரமக்குடிக்குப் போனால் ஐம்பது ரூபாய் வெறும் ஐம்பது ரூபாய்தான், தவசி மோரேயைத் தாண்டி வரமாட்டார், அது அவளுக்கும் தெரியும், அதனாலேயே இத்தனை காலம் சாக்குச் சொல்லிவந்தாள். இந்தத் தடவை சொல்லவில்லை.

"பங்குனிக்கு வந்து கூட்டிட்டுப் போப்பா. வந்துர்றேன்."

அடுப்பையும் பெரிய சட்டியையும் யாருக்குக் கொடுப்பது என்றுகூடப் பேசி முடித்தாள். தவசியின் நோட்டு திரும்பி வந்தபோது, கை இன்னும் தோளில் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது, மறுநாளே கொடுத்து வெங்காயம் வாங்கினாள். இனிமேல் அவர் எப்போது வந்தாலும் தான் இருக்கப்போவதில்லை என்று நினைத்தபோது அவளுக்கு ஒரு மாதிரி லேசாக இருந்தது, பிறகு அந்த லேசுதான் தாங்க முடியாததாக இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு பகல், அந்தப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வருகிற மா தீடா என்ற பெண் கடை முன்னால் வந்து நின்றாள். கூலி சாயங்காலம்தான் தருவார்களாம், பசிக்கிறதாம், கையில் கியாட்தான் இருக்கிறதாம். எப்படியும் வாங்கமாட்டீர்கள் என்ற முகத்தோடு ஒரு நோட்டை நீட்டினாள். சேதுமணி வேண்டாம் என்று சொல்லக் கையை உயர்த்தியவள் அப்படியே நிறுத்தினாள், ஏனென்றால் அந்த நோட்டு மூன்றாக மடித்து மடித்துத் தேய்ந்த நோட்டு, அதன் நடுவில் காய்ந்துபோன ஒரு சந்தனச் சொட்டு இருந்தது. பர்மாக்காரர்கள் போணிக்குச் சந்தனம் வைப்பதில்லை. பிரித்துப் பார்த்தாள். கியாட்டில் வழக்கமாகச் சிங்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறுபெண் இருந்தாள், கறுகறுவென்ற முடியும் மூக்குத்தியுமாக, பயந்த கண்களோடு. அது தன் முகம் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது, அவ்வளவு நாளாகியிருந்தது அந்த முகத்தைப் பார்த்து.

"எங்க கெடச்சிச்சு இது?" என்று பர்மியத்தில் கேட்டாள்.

"ஒரு கடைக்காரர் கொடுத்தார். கடையைக் காலி பண்ணினார், நான்தான் சாமான் தூக்கினேன். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்டார், மறுபடி கொடுத்தார். கொஞ்சம் கிறுக்கு ஆள்."

எங்களுக்கு அது கிறுக்கு அல்ல. மோரேக்காரன் எங்கே கடை போட்டாலும் அந்தக் கடையின் முதல் போணியைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைப்பான், கடையை மூடுகிற நாளில்தான் அதைச் செலவழிப்பான். பசித்தவளுக்குச் சேதுமணி தட்டு நிறைத்துக் கொடுத்தாளே, அன்று அவள் தள்ளிவிட்ட அந்தக் கியாட்தான் கேட்டைத் தாண்டும்போதே அவள் முகத்தை வாங்கிக்கொண்டு, தவசியைத் தேடிப் போய், அவர் கடையின் முதல் போணியாக விழுந்திருக்கிறது. அவர் அதைக் கண்ணில் ஒற்றி மடித்து வைத்துவிட்டார். எப்போதாவது பிரித்துப் பார்த்திருப்பார், மடிப்பு அவ்வளவு தேய்ந்திருந்தது. செலவழிக்காமல் வைத்தால் மங்கவேண்டும், ஆனால் மங்கியிருக்கவில்லை, மங்குவது நம்முடைய ரூபாய்தான்போல, அவர்கள் நோட்டு எப்படி வந்ததோ அப்படியே இருக்கும்போல, அதை யார் கண்டது? கியாட்டில் ஒரு பொருளை வாங்க இந்தப் பக்கம் யாரும் விட்டதில்லையே. அவர் விரும்பியிருந்தாலும் அவளைச் சுற்றுக்கு அனுப்பியிருக்க முடியாது. இங்கே வந்து எந்தக் கடையில் செல்லும் அது?

அவள் அவரைக் கிழவராகப் பார்த்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அவர் அவளைப் பயந்த சிறுபெண்ணாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சேதுமணிக்குக் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது, எது யார்மேல் என்று பிரிக்க முடியவில்லை. அவள் அந்தக் கியாட்டை வாங்கிக் கல்லாவில் போட்டாள், மா தீடாவுக்குத் தட்டை நிறைத்துக் கொடுத்தாள்.

ராவுத்தர் குடையை மடித்துக்கொண்டு ஓடி வந்தார். "தங்கச்சி, ஊருக்குப் போற நேரத்துல புதுசா எதையும் ஆரம்பிக்காதே."

"ஆரம்பிக்கலண்ணே. அப்பவே ஆரம்பிச்சது, இடையில நிறுத்திட்டேன்."

மா தீடா சாப்பிட்டு முடித்ததும் சேதுமணி மீதிச் சில்லறையோடு அந்த நோட்டையே அவள் கையில் திருப்பி வைத்தாள். அந்தப் பெண் கேட்டைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது, அது அவர் கைக்குப் போய்ச் சேரும்போது எந்த முகத்தோடு சேரும்? நரைத்த தலையோடும் வியர்வையோடும் வெங்காயம் உரிக்கிற கண்ணீரோடும்தான். ஆனால் அதற்குள் நோட்டு போய்விட்டது. வழியில் அதை யாராவது இங்கே இன்னொரு தடவை கொண்டுவந்து செலவழித்தால் இதைவிட நல்ல முகம் ஒன்று பதியுமே என்று, அட்டையில் பெரிய எழுத்தில் பர்மியத்தில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டாள்: இங்கே கியாட் வாங்கப்படும். மோரே முழுவதும் அவளைப் பார்த்துச் சிரித்தது. கூலிக்காரிகள் சிரிக்கவில்லை, வரிசையில் நின்றார்கள். அவர்கள் நீட்டிய நோட்டுகளை அவள் மீதிச் சில்லறையாக அவர்களுக்கே திருப்பினாள், நஷ்டம்தான், ராவுத்தர் அவளுக்காகக் கவலைப்பட்டுக் கவலைப்பட்டு இளைத்தார். அந்த நாட்களில் அவள் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டாள், எப்போது படம் பிடிக்கப்போகிறார்கள் என்று தெரியாத ஆள் மாதிரி பகல் முழுவதும் கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்தாள்.

பங்குனி பிறந்தது. நாகரத்தினம் ரயிலேறிவிட்டதாகப் போன் வந்தது. மூட்டை கட்டி வைத்திருந்தாள், பெரிய சட்டியை மட்டும் கட்டவில்லை. அன்றைய முதல் ஆள் லுங்கி வாங்க வந்த ஒரு பர்மாக்காரி, ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு ஐம்பது ரூபாயை நீட்டினாள். போணி நோட்டு. சேதுமணி கண்ணில் ஒற்றினாள், மடிக்கப் போனவள் மடிக்கவில்லை, எங்கள் ஊரில் முதன்முறையாக ஒருத்தி போணி நோட்டை உற்றுப் பார்த்தாள்.

தவசிதான். முன்பைவிட மெலிந்திருந்தார். தோளில் அந்தச் சின்னக் கை அப்படியே இருந்தது, கறுப்புக் கயிறும் இருந்தது. அவர் வரப்போவதில்லை, அது அந்தக் கையிலேயே தெரிந்தது, அவளுக்கு எப்போதோ தெரிந்ததுதான். ஆனால் முகத்தை மழித்திருந்தார், நெற்றியில் திருநீறு இட்டிருந்தார், கண்கள் நேராக அவளைப் பார்த்தன, அவள் முகம் பதிந்த கியாட் அவர் கையில் விரிந்திருக்க வேண்டும், அவளையேதான் பார்த்தன. சட்டையின் மேல் பட்டன் போட்டிருந்தது.

சேதுமணி அந்த நோட்டை மடிக்காமலே அங்காள பரமேசுவரி படத்துக்குக் கீழே சொருகினாள். அப்புறம் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டு, வருவது வந்துவிட்டாய், நாலு நாள் இருந்து அத்தோ சாப்பிட்டுவிட்டுப் போ, மாடி அறையை வாடகைக்கு விட்டுவிடு என்றாள். மறுநாள் காலை அந்த நோட்டைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு, கேட்டைத் தாண்டிப் போய் மீன்காரியிடம் நீட்டினாள். இந்தத் தடவை வேறு பக்கம் பார்க்கவில்லை.